அரிசியும் வேலையும் அரசியல் கொந்தளிப்பும்: கல்கத்தாவின் படிப்பினை

ஒரு நாட்டின் அரசியல் அமைதி படைபலத்தாலும் சட்டத்தாலும் மட்டும் காக்கப்படுவதில்லை. சாதாரணக் குடும்பத்தின் அடுப்பில் உலை கொதிக்கிறதா, வேலை செய்யக்கூடிய வயதினருக்கு வேலை கிடைக்கிறதா என்னும் இரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடையையும் அது சார்ந்திருக்கிறது. இவ்விரண்டிற்கும் ஒரே காலத்தில் "இல்லை" என்ற விடை கிடைக்கும்போது, வலிமை வாய்ந்தனவாகத் தோன்றிய அரசுகளும் ஆட்டம் காண்கின்றன. இவ்வுண்மையை ஆராய்வதற்கு மேற்கு வங்காளத்தின் தலைநகரான கல்கத்தாவைவிட (2001 முதல் கொல்கத்தா) ஏற்ற களம் நம் நாட்டில் இல்லை எனலாம். 1943 முதல் 1977 வரையிலான காலத்தில் அந்நகரம் பஞ்சத்தையும், அகதிகளின் பெருக்கத்தையும், உணவுக் கிளர்ச்சிகளையும், ஆலை மூடல்களையும், ஆட்சி மாற்றங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டது.

ஆயினும் பசி இருந்தால் கிளர்ச்சி எழும் என்று எளிதாக முடிவு கட்டிவிட முடியாது. அவ்வாறாயின் 1943-ஆம் ஆண்டிலேயே வங்காளத்தில் மாபெரும் புரட்சி வெடித்திருக்க வேண்டும். அது நிகழவில்லை. இலட்சக்கணக்கானோர் மடிந்த ஆண்டில் அரசு கவிழவில்லை. பெருமளவில் பட்டினிச் சாவு இல்லாத 1966-க்கு அடுத்த ஆண்டில் அரசு கவிழ்ந்தது. இம்முரண்பாட்டின் காரணத்தை அறிவதே இவ்வாய்வின் நோக்கமாகும்.

1943: மௌனமாக மடிந்த மக்கள்

1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) அரிசியின் மொத்த விலை 13 முதல் 14 ரூபாயாக இருந்தது. 1943 மார்ச்சில் அது 21 ரூபாயாகவும், மே மாதத்தில் 30 ரூபாய்க்கு மேலும், ஆகஸ்டில் 37 ரூபாயாகவும் உயர்ந்தது. இவ்விலையேற்றத்திற்கு விளைச்சல் குறைவு மட்டும் காரணமன்று. 1943-இல் கிடைத்த தானிய அளவு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறக்குறைய 5 சதவீதமே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941-ஆம் ஆண்டைவிட 13 சதவீதம் அதிகம் என்றும் பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். போர்ச் செலவினால் எழுந்த பணவீக்கம், பர்மா அரிசியின் வரவு நின்றமை, 1942 அக்டோபரில் மிதுனபுரி மாவட்டத்தைத் தாக்கிய புயல், படகுகளைப் பறிமுதல் செய்த அரசின் நடவடிக்கை, பதுக்கல் ஆகிய அனைத்தும் ஒன்று சேர்ந்தன. கிராமத்துக் கூலியாள், மீனவர், கைவினைஞர் ஆகியோரின் வருமானம் நின்ற இடத்திலேயே நின்றது. அரிசியின் விலை மட்டும் ஏறிக்கொண்டே சென்றது. சந்தையில் அரிசி இருந்தும் அதை வாங்கும் சக்தி அவர்களிடம் இல்லை.

அரசு அமைத்த விசாரணைக் குழு இறந்தோர் தொகையை 15 லட்சம் என மதிப்பிட்டது. பிற்கால ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் 30 லட்சம் வரை செல்கின்றன. கல்கத்தா வீதிகளில் விழுந்து இறந்தோர் பெரும்பாலும் நகரத்தவர் அல்லர். உணவு தேடிவந்த கிராமத்தவரே. நகரின் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரிந்தோருக்கு அரசும் வணிகச் சபையும் மலிவு விலையில் தானியம் வழங்கின. போர் முயற்சிக்கு இன்றியமையாத நகரம் காக்கப்பட்டது. அதற்கான விலையைக் கிராமம் கொடுத்தது.

பசித்தோர் கடைகளைச் சூறையாடவில்லை. அவர்களுக்கு அமைப்பு இல்லை, வாக்குரிமை இல்லை, உணவு வழங்குவது அரசின் கடமை என்ற எண்ணமும் வேரூன்றியிருக்கவில்லை. பல தலைவர்கள் 1942 இயக்கத்தையொட்டிச் சிறையில் இருந்தனர். ஆயினும் பஞ்சத்தின் நினைவு வீண்போகவில்லை. 1946-47-இல் விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கோரிப் பங்குக் குத்தகையாளர் நடத்திய தேபாகா இயக்கத்தில் அந்நினைவு குரல் பெற்றது.

பிரிவினை விட்டுச்சென்ற சுமை

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்காளத்திற்குச் சென்றது; சணல் ஆலைகளோ ஏறக்குறைய அனைத்தும் ஹூக்ளி நதிக்கரையில் தங்கிவிட்டன. ஆலைகளை இயக்க மேற்கு வங்காளத்து உழவர்கள் நெல் நிலத்தில் சணல் பயிரிட ஊக்குவிக்கப்பட்டனர். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த பயிர், மாநிலத்தின் அரிசிப் பற்றாக்குறையை அதிகமாக்கியது. இதே காலத்தில் கிழக்கிலிருந்து அகதிகள் அலையலையாக வந்தனர். 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி அவர்கள் தொகை சுமார் 21 லட்சம். அதன் பின்னரும் வரவு நிற்கவில்லை.

இவர்களுள் கணிசமானோர் ஆசிரியர், எழுத்தர், வழக்கறிஞர் போன்ற நடுத்தரக் குடும்பத்தினர். நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வியே எஞ்சிய மூலதனம். அக்கல்வி வேலையாக மாறாவிடில் அக்குடும்பங்களுக்கு வேறு பிடிமானம் இல்லை. தென் கல்கத்தாவின் அகதிக் குடியிருப்புகள் பின்னர் அரசியல் இயக்கங்களின் பாசறைகளாக விளங்கியதற்கு இதுவே அடிப்படைக் காரணமாகும். 1953-இல் டிராம் கட்டணம் ஒரு பைசா உயர்த்தப்பட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி, அற்பத் தொகையைப் பற்றியதுபோல் தோன்றினாலும், உள்ளே குமுறிக்கொண்டிருந்த நெருக்கடியின் அறிகுறியாகவே அமைந்தது.

1959: முதல் எச்சரிக்கை

1954-இல் உணவுக் கட்டுப்பாடுகள் நாடெங்கும் தளர்த்தப்பட்டன. நல்ல விளைச்சல் இருந்தவரை இது இடர் தரவில்லை. 1957-க்குப் பின் விளைச்சல் தளர்ந்து விலை ஏறியபோது, மேற்கு வங்காள அரசின் கையிருப்பு போதுமானதாக இல்லை. எதிர்க்கட்சிகள் இணைந்து விலையுயர்வு மற்றும் பஞ்ச எதிர்ப்புக் குழுவை அமைத்தன. 1959 ஆகஸ்ட் 31-ஆம் நாள் கிராமங்களிலிருந்து திரண்டுவந்த உழவர்களும் நகரத்துத் தொழிலாளரும் மாணவரும் கல்கத்தாவில் பேரணி நடத்தினர். காவல்துறையின் தடியடியும் அடுத்த நாட்களில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் பல உயிர்களைப் பலிகொண்டன. இறந்தோர் 80 பேர் என்று இயக்கத்தினர் கணக்கிட்டனர். அரசு ஏற்றுக்கொண்ட எண்ணிக்கை இதனினும் குறைவு.

அப்போது முதலமைச்சராக இருந்த டாக்டர் பிதான் சந்திர ராய் துர்காப்பூர் தொழில் நகரை உருவாக்கியவர், தொலைநோக்கு உடையவர். ஆயினும் உருக்காலைக்கும் அணைக்கும் கிடைத்த கவனம் நெல் கொள்முதலுக்கும் சேமிப்புக்கும் கிடைக்கவில்லை. வளர்ச்சியின் பயன் வரும்வரை மக்கள் உண்ண வேண்டும் என்பதே 1959 உணர்த்திய பாடமாகும்.

பங்கீட்டு எல்லைக்கு வெளியே

1965-ஆம் ஆண்டு உணவு நிர்வாக வரலாற்றில் முக்கியமானது. அவ்வாண்டு ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது; அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கல்கத்தாவிலும் அதைச் சூழ்ந்த தொழிற்பகுதியிலும் சட்டப்படியான முழுப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதலமைச்சர் பிரபுல்ல சந்திர சென் ஆலை அரிசிமீது லெவி விதித்தார். மாவட்ட எல்லைகளில் தானியப் போக்குவரத்தைத் தடுத்தார். குழந்தைகளுக்குப் பால் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பால்திரளில் இனிப்பு செய்வதற்குக்கூட 1965-இல் தடை விதிக்கப்பட்டது. ரசகுல்லாவும் சந்தேஷும் இல்லாத கல்கத்தாவை எவரும் கற்பனை செய்ததில்லை.

பின்னர் வந்தது வறட்சி. 1964-65-இல் 8.94 கோடி டன்னாக இருந்த இந்தியாவின் உணவு தானிய உற்பத்தி 1965-66-இல் 7.23 கோடி டன்னாக வீழ்ந்தது. 1966-இல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேற்பட்ட தானியம் இறக்குமதி செய்யப்பட்டது. அமெரிக்கப் பி.எல். 480 திட்டத்தின் கீழ் வந்த கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்தே பங்கீட்டுக் கடைகள் இயங்கின. அரிசியுண்ணும் மக்களிடம் கோதுமையையும் வாழைக்காயையும் உண்ணுமாறு முதலமைச்சர் கூறிய யோசனை, ஊட்டச்சத்து நோக்கில் தவறானதாக இல்லாவிடினும், அரசியல் நோக்கில் ஆறாத வடுவாயிற்று.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1966-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பொறி கல்கத்தாவில் தோன்றவில்லை. முழுப் பங்கீடு பெற்ற நகரத்தவருக்குக் குறைந்த அளவேனும் உறுதியாகக் கிடைத்தது. அந்த எல்லைக்குச் சற்று வெளியே இருந்த சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் நிலைமை வேறு. அங்கு முழுப் பங்கீடு இல்லை. விளைந்த அரிசியோ லெவிக்கும், கள்ளத்தனமாக நகருக்கும் சென்றது. புறநகர் ரயில்களில் ஏழைப் பெண்களும் சிறுவரும் அரிசியை மறைத்து எடுத்துச் சென்று நகரில் விற்பது ஒரு பிழைப்பாகவே ஆயிற்று. இதனால் அரிசி விளையும் பகுதியிலேயே அரிசி கிடைக்காமற் போயிற்று, மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. 1966 பிப்ரவரியில் பசீர்ஹாட் வட்டாரத்தில் உணவும் மண்ணெண்ணெயும் கேட்டு நடந்த கிளர்ச்சியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு நூருல் இஸ்லாம் என்னும் பள்ளி மாணவர் பலியானார். தீ கிருஷ்ணநகருக்கும், பின்னர் மாநிலமெங்கும் பரவியது. மார்ச் 10-ஆம் நாள் மாநிலம் தழுவிய பந்த் நடைபெற்றது.

1943-இல் மௌனமாக இருந்த கிராமப்புறம் 1966-இல் குரல் எழுப்பியது ஏன்? இடைப்பட்ட காலத்தில் மூன்று பொதுத் தேர்தல்கள் நடந்திருந்தன. உழவர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் கிராமங்களை எட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்முதலையும் பங்கீட்டையும் அரசு தானே ஏற்றுக்கொண்டதால், பற்றாக்குறைக்குப் பொறுப்பாளி யார் என்பது மக்களுக்குத் தெளிவாயிற்று. விதியின் மீதோ வியாபாரியின் மீதோ பழி போடவேண்டிய நிலை மாறி, அரசைக் கேட்கும் உரிமை பிறந்தது. மக்களாட்சியில் இது நல்ல மாற்றமேயாகும். ஆனால் வாக்களித்ததை வழங்க இயலாத அரசுக்கு இதுவே பேராபத்து.

தானிய விலையும் தொழிற்சாலை வாயிலும்

உணவுப் பற்றாக்குறையும் வேலையின்மையும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. எளிய கணக்கொன்றின் மூலம் இதை விளக்கலாம். மாதம் 100 ரூபாய் வருமானமுள்ள குடும்பம் ஒன்று 60 ரூபாயை உணவுக்குச் செலவிடுவதாகக் கொள்வோம். உணவு விலை கால் பங்கு உயர்ந்தால் அதே உணவுக்கு 75 ரூபாய் வேண்டும். மற்றச் செலவுகளுக்கு இருந்த 40 ரூபாய் 25 ரூபாயாகக் குறைகிறது. அதாவது துணி, பாத்திரம், செருப்பு, சோப்பு ஆகியவற்றை வாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிகிறது. இலட்சக்கணக்கான குடும்பங்கள் இவ்வாறு சுருங்கும்போது ஆலைகளின் உற்பத்தி தேங்குகிறது, ஆட்குறைப்பு நிகழ்கிறது.

அரசின் வரவுசெலவிலும் இதே விளைவு காணப்படுகிறது. தானிய இறக்குமதி அந்நியச் செலாவணியை விழுங்குகிறது. பணவீக்கத்தைத் தடுக்க முதலீட்டுச் செலவு குறைக்கப்படுகிறது. 1965 போரும் வறட்சியும் தொடர்ந்து தாக்க, 1966 ஜூனில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. நான்காவது ஐந்தாண்டுத் திட்டம் ஒத்திவைக்கப்பட்டு 1966 முதல் 1969 வரை ஆண்டுத் திட்டங்களே நடைமுறையில் இருந்தன. ரயில்வேயின் வாகன் கொள்முதல் குறைந்தது. வாகன்களையும் வார்ப்பிரும்புப் பொருள்களையும் உற்பத்தி செய்த ஹௌராவின் பொறியியல் தொழிற்சாலைகளை இது நேரடியாகத் தாக்கியது. பெரிய தொழிற்சாலையை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் வேலையிழந்தன. எஃகிற்கும் நிலக்கரிக்கும் நாடெங்கும் ஒரே விலை நிலவச் செய்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் அருகில் இருந்த கிழக்கு மாநிலங்களின் இயற்கை அனுகூலத்தை ஏற்கெனவே பறித்திருந்தது.

படித்தும் வேலையில்லாதோர்

பசித்தவன் உணவு கேட்கிறான். படித்து வேலையின்றி இருப்பவன் விளக்கம் கேட்கிறான். இவ்விருவரும் ஓரணியில் நிற்கும்போதே கிளர்ச்சி இயக்கமாக மாறுகிறது. கல்கத்தாவின் கல்லூரிகள் ஆண்டுதோறும் பட்டதாரிகளை வெளியேற்றிக்கொண்டிருந்தன. அவர்களை ஏற்கவேண்டிய அலுவலகங்களும் ஆலைகளும் சுருங்கிக்கொண்டிருந்தன. நேர்முகத் தேர்விலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அலையும் இளைஞனின் நிலையைச் சத்யஜித் ராய் 1970-இல் "பிரதித்வந்தி" என்னும் திரைப்படத்தின் பொருளாகக் கொண்டார். 1967 மே மாதம் டார்ஜிலிங் மாவட்டத்து நக்சல்பாரியில் நிலத்துக்காக எழுந்த உழவர் கிளர்ச்சி, மூன்றே ஆண்டுகளில் கல்கத்தாவின் மாநிலக் கல்லூரி போன்ற உயர் கல்விக் கூடங்களின் மாணவரையும் ஈர்த்தது. 1970-71-இல் நகரின் சந்துகளில் நிகழ்ந்த கொலைகளும் எதிர்க்கொலைகளும் ஒரு தலைமுறையின் சிறந்த இளைஞர் பலரை அழித்தன. கொந்தளிப்பின் விலையைப் பெரும்பாலும் செலுத்தியோர் வேலையில்லா இளைஞரும், கடமையாற்றிய சாதாரணக் காவலரும், அவர்களது குடும்பத்தாருமே ஆவர். இதனால் ஓர் ஆலையும் திறக்கப்படவில்லை; அஞ்சிய முதலீடு வேறு மாநிலங்களை நாடிச் சென்றது. வேலையின்மை கொந்தளிப்பை வளர்த்தது. கொந்தளிப்பு வேலையின்மையை வளர்த்தது.

1967: ஆட்சி மாறியது, அரிசி வரவில்லை

1967 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி எட்டு மாநிலங்களில் பெரும்பான்மை இழந்தது. மேற்கு வங்காளத்தில் முதலமைச்சர் சென், ஆராம்பாக் தொகுதியில் அஜய் முகர்ஜியிடம் தோற்றார். சென்னை மாநிலத்திலும் அரிசித் தட்டுப்பாடு முக்கியத் தேர்தல் பிரச்சினையாக இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்னும் முழக்கம் தமிழ் மக்கள் நன்கறிந்ததே. புதிய அரசு 1967-இல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைத் தொடங்கியது. நிதிச் சுமையால் அதை விரிவாக்க இயலவில்லை.

கல்கத்தாவில் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசும் அதே நெருக்கடியைச் சந்தித்தது. பெருநிலக்காரரையும் ஆலை முதலாளிகளையும் வற்புறுத்தாத கொள்முதல் கொள்கை போதிய நெல்லைத் தரவில்லை. விலை மேலும் ஏறியது. உணவு அமைச்சர் பிரபுல்ல சந்திர கோஷ் நவம்பரில் விலக, அரசு கலைக்கப்பட்டது. 1967 முதல் 1972 வரை அம்மாநிலம் நிலையான ஆட்சியைக் காணவில்லை; குடியரசுத் தலைவர் ஆட்சி மீண்டும் மீண்டும் அமலாயிற்று. கிளர்ச்சி ஆட்சியை மாற்றவல்லது. களஞ்சியத்தை நிரப்புவதற்கு நிர்வாகம் வேண்டும்.

அண்டை நாட்டின் அனுபவம்

இலங்கையின் வரலாறும் இதையே உறுதிப்படுத்துகிறது. 1953-இல் பங்கீட்டு அரிசியின் விலை படி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12-இல் நடந்த ஹர்த்தால் நாட்டை ஸ்தம்பிக்கச் செய்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1971-இல் அங்கு வெடித்த இளைஞர் கிளர்ச்சியில் பெரும் பங்கு கொண்டோர் கிராமத்துப் படித்த இளைஞரே. அதே ஆண்டு டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த பன்னாட்டுத் தொழில் அமைப்பின் குழு, கல்வி தூண்டிய எதிர்பார்ப்புக்கும் பொருளாதாரம் தந்த வேலைக்கும் இடையிலான இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. 2022-இல் எரிபொருளும் உணவும் மருந்தும் தட்டுப்பட்டபோது அந்நாட்டின் குடியரசுத் தலைவரே பதவி துறக்க நேர்ந்தது. முன்னர் கிடைத்துவந்தது திடீரெனப் பறிபோவதையே மக்கள் பொறுப்பதில்லை.

சீரமைப்பும் எஞ்சிய குறையும்

1977-இல் பதவியேற்ற இடது முன்னணி அரசு கிராமப்புறத்தில் கவனம் செலுத்தியது. 1978-இல் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. பர்கா இயக்கத்தின் மூலம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குக் குத்தகையாளர் பதிவு பெற்றனர். 1980-களில் ஆழ்குழாய்க் கிணறுகளும் கோடை நெல்லும் பரவ, நெல் உற்பத்தி விரைந்து வளர்ந்தது. பற்றாக்குறை மாநிலமாக இருந்தது, நாட்டில் அரிசி உற்பத்தியில் முன்வரிசைக்கு உயர்ந்தது. கிராமத்தில் அமைதி நிலைபெற்றதற்கு இது முக்கியக் காரணம்.

தொழில்துறையில் இத்தகைய மீட்சி ஏற்படவில்லை. உணவு விநியோகத்திலும் விழிப்புத் தளர்ந்தது. 2007-இல் பாங்குரா, பர்த்வான், பீர்பூம் மாவட்டங்களில் பங்கீட்டுக் கோதுமை கள்ளச் சந்தைக்குச் செல்வதாகக் கொதித்தெழுந்த மக்கள் பங்கீட்டுக் கடைக்காரர்களின் வீடுகளைத் தாக்கினர். நெல் நிறைந்த மாநிலத்தில் இது நிகழ்ந்தது. நான்காண்டுகளில், 34 ஆண்டு நீடித்த ஆட்சி முடிவுற்றது. நிலம் கையகப்படுத்தல் போன்ற வேறு காரணங்கள் அதற்கு முதன்மையாக இருந்தன எனினும், பங்கீட்டுக் கடையின் முன் எழுந்த கோபத்தை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளலாம்.

பெறத்தக்க படிப்பினைகள்

முதலாவதாக, மொத்த உற்பத்திக் கணக்கு மட்டும் போதாது. கடைசிக் குடும்பத்தின் வாங்கும் சக்தியைக் கணக்கிட வேண்டும். இரண்டாவதாக, நகரைக் காக்கும் பங்கீடு அதன் எல்லைக்கு வெளியே உள்ளோரை வறியவராக்கக் கூடாது. மூன்றாவதாக, தானியக் கையிருப்பு நல்ல விளைச்சல் ஆண்டிலேயே சேர்க்கப்படவேண்டும். வறட்சியில் தொடங்கும் கொள்முதல் பகையையே விளைவிக்கும். நான்காவதாக, வறட்சிக் காலத்தில் பொதுப்பணிகளைச் சுருக்குவதற்குப் பதிலாக விரிவாக்க வேண்டும். 1970-களின் மகாராஷ்டிர வேலை உறுதித் திட்டமும், 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டமும், 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இவ்வுணர்வின் விளைவுகளே. ஐந்தாவதாக, கல்வியின் விரிவாக்கமும் வேலையின் விரிவாக்கமும் ஒருங்கே திட்டமிடப்பட வேண்டும்.

1943-இன் மௌனத்தை அமைதி என்று கருதியது அன்றைய அந்நிய அரசு. 1966-இன் கூக்குரலைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று மட்டும் கருதியது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. இரு கணிப்புகளும் தவறாயின. பங்கீட்டுக் கடை வரிசையிலும் வேலைவாய்ப்பு அலுவலக வரிசையிலும் நிற்போர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், வெறுங்கையுடன் திரும்புவோர் எத்தனை பேர் என்பதை நாள்தோறும் அறிந்துகொள்ளும் நிர்வாகத்திற்குக் கொந்தளிப்பு திடீரென வருவதில்லை. அதைத் தடுக்க வேண்டிய காலமும் அவ்வரிசைகள் நீளத் தொடங்கும் காலமேயாகும்.